வெள்ளையாக விழுந்த நீலம்

அன்புள்ள மகனுக்கு,

உன் புதிய வேலையைக் கேள்விப்பட்டு நான் மூன்று நாள் அன்னந்தண்ணி இல்லாமல் கிடந்ததாக உன் அத்தை கீரனூர் முழுவதும் சொல்லியிருக்கிறார். யாரையோ பிடித்து உனக்கும் எழுத வைத்திருக்கிறார். அது உண்மையில்லை. உன் கடிதம் வந்த அன்று கிருத்திகை. மாதா மாதம் இருக்கும் விரதத்தைத்தான் அன்றும் இருந்தேன். மறுநாள் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டேன், சட்னியில் உப்புக் கரிக்கிறது என்று சமைக்கிறவளிடம் சண்டையும் போட்டேன். சோறு வேண்டாம் என்று கிடப்பவள் உப்புக்காகச் சண்டை போடமாட்டாள். மகன் அமெரிக்கா போய்க் கெட்டுப்போனான் என்று திருமயம் கோயிலில் நின்று நான் அழுததாகவும் ஒரு பேச்சு. நான் கோயிலில் அழுகிற வழக்கமில்லை. கண்ணாடியில் கற்பூரப் புகை படிந்துவிட்டது, துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைக் கார்பன் தாள் வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு படி உனக்கு, இன்னொன்று உன் அத்தை வீட்டுக்கு. அங்கே அதை உரக்கப் படிப்பார்கள், அக்கம்பக்கத்தாரும் வந்து கேட்பார்கள். கேட்கட்டும். பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ அங்கிருந்தே திருத்தமும் கிளம்பட்டும்.

ஆனால் நான் உனக்கு எழுதிய கடிதம் உண்மை. அதை மறுக்க மாட்டேன். மில்லின் ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு ஓர் அருங்காட்சியகத்தில் சேர்ந்திருப்பதாகவும், போன நூற்றாண்டில் பேஸ்பால் ஆடியவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று ஆராய்வதுதான் உன் வேலை என்றும் நீ எழுதியிருந்தாய். அந்த ஆட்டம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று நீ விளக்கியும் என் மனம் ஆறவில்லை. உன் அத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "செத்தவன் சட்டையை மோந்து பாக்குற வேலைக்கா இம்புட்டுப் படிப்பு?" அந்தக் கேலியைத்தான் நான் நல்ல தமிழில் எழுதி உனக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஆட்டக்காரர்களின் கால்சராயை எண்ணிக்கொண்டிருக்க உன்னை வளர்க்கவில்லை, உடனே விட்டுவிட்டு ஊருக்கு வா என்று எழுதினேன். நான்கு பக்கம். ஓர் எழுத்துப் பிழையும் இல்லாத கடிதம். இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் உறுத்துகிறது. கோபத்தில் எழுதியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்றால், அத்தனை நிதானமாக எழுதியிருக்கிறேன்.

அதற்கு நீ அனுப்பிய பதில் போன செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் பத்தியில், உங்கள் விருப்பப்படி வருகிற மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாதம் இல்லை, ஒரு வருத்தச் சொல் இல்லை. அந்த மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. விமானத் தபால் பத்துப் பன்னிரண்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். தந்தி அடித்திருக்கலாம். ஆனால் நம் ஊரிலிருந்து தந்தி வந்தால் யார் போய்விட்டார்கள் என்றுதான் நீ முதலில் நினைப்பாய். அந்த அரை நிமிடப் பயத்தை உனக்குக் கொடுக்க மனமில்லை. அதோடு, நான் சொல்ல வேண்டியது தந்திக்குள் அடங்காது.

வேலையை விடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன்னை நான் தடுத்தது இது முதல் தடவை இல்லை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் உனக்குப் பதினேழு வயது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் பழைய துணி விற்பவனிடமிருந்து ஒரு சிவப்புக் கோட்டை வாங்கிக்கொண்டு வந்தாய். அரண்மனை வாத்தியக்காரர் யாரோ போட்டுக் கழித்தது. அதை விரித்து வைத்து, எத்தனை பொத்தான், கழுத்தில் எத்தனை வரிப் பின்னல், கை மடிப்பில் என்ன நூல் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாய். எவன் வியர்வையோ என்று எனக்கு அருவருப்பு. நீ இல்லாத நேரத்தில் சோடா உப்புப் போட்டு அவித்து, வெட்டி, தையல் மெஷினுக்கு உறை தைத்துவிட்டேன். நீ வந்து கொடியைப் பார்த்தாய், பெட்டியைப் பார்த்தாய். "அம்மா, அந்தக் கோட்டு எங்கம்மா?" என்றாய். "மெஷினுக்கு உறை தைச்சுட்டேன். நல்ல கனத்த துணி" என்றேன். நீ மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாய். இரண்டு நாள் கழித்து, "பித்தாளைப் பட்டனையாவது குடும்மா" என்று கேட்டாய். கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. சரித்திரம் படிக்க வேண்டும் என்று நீ கேட்டபோதும், சரித்திரம் சோறு போடாது என்று சொல்லி ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க அனுப்பினேன். நீ அங்கே போய்த் துணியையும் படித்துக்கொண்டு சரித்திரத்தையும் விடாமல் வைத்திருந்து, கடைசியில் இரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். உன் கெட்டிக்காரத்தனத்தை நான் பிடிவாதம் என்று நினைத்தேன். பிடிவாதம் என்னிடமிருந்து வந்திருக்கும். கெட்டிக்காரத்தனம் உன் அப்பாவிடமிருந்து.

இனி உன் கடிதத்தின் இரண்டாவது பக்கத்துக்கு வருகிறேன். நான் திட்டி எழுதியதன் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். உங்கள் அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே துணி வெளுத்துப்போய், என்ன நிறம் என்று தெரியவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு படித்தவனுக்கு மடித்துத் தைத்த இடத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதா? வெயில் படாத இடத்தில் நிறம் இருக்கும்" என்று எழுதினேன். திருச்சி கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லித்தந்த கன்னியாஸ்திரி எந்தத் துணியையும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். கையோடு வந்த பழக்கம், கோபத்திலும் எழுதிவிட்டேன். நீ அதைச் செய்திருக்கிறாய். அந்தக் கால ஆட்டக்காரர்கள் நெஞ்சுக்கு மேல் தனியாக ஒரு துண்டுத் துணியைச் சுற்றிலும் பொத்தான் வைத்து மாட்டிக்கொள்வார்களாம், அதில் அணியின் முதல் எழுத்து இருக்குமாம். அப்படிப்பட்ட ஒரு மார்புத் துணியின் ஓர மடிப்பைப் பிரித்தபோது உள்ளே வானத்து நீலம் அப்படியே இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த அணி வெள்ளை உடுத்தியது என்றுதான் இத்தனை காலமும் எல்லோரும் எழுதி வந்தார்களாம். ஏனென்றால் படத்தில் ஒன்பது பேரும் வெள்ளையாக நிற்கிறார்கள். அன்றைய ஊர்ப் பத்திரிகை ஒன்று நீலம் என்று எழுதியிருந்ததை, எழுதியவன் தப்பாக எழுதிவிட்டான் என்று தள்ளிவிட்டார்களாம்.

அதற்குக் கீழே நீ எழுதியதை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகட்டுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான், நீலத் துணி வெள்ளையாகவே விழும். சிவப்பும் மஞ்சளும் கறுப்பாக விழும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சிறிய ஊர் ஸ்டூடியோக்களில் அந்தத் தகடுகள் நம் நூற்றாண்டிலும் நெடுநாள் புழங்கின" என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கிறாய்.

நான் எழுந்து போய்ப் பெரிய பெட்டியைத் திறந்தேன். அடியில், முகம் கீழே பார்க்க, எங்கள் கல்யாணப் படம் இருந்தது. அதை நான் எடுத்துப் பார்த்து இருபத்தைந்து வருடம் இருக்கும். அது ஏன் சுவரில் இல்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

படம் எடுத்தது கல்யாணம் முடிந்து நான்காம் நாள், புதுக்கோட்டை ஸ்டூடியோவில். முகூர்த்தப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டுதான் படம் எடுக்க வேண்டும் என்று உன் அத்தை சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கான்வென்ட்டில் மாதம் முழுவதும் ஒரு குற்றமும் இல்லாத பெண்ணுக்கு நீல ரிப்பன் குத்துவார்கள். நான் தொடர்ந்து ஏழு மாதம் அதைக் குத்திக்கொண்டவள். அந்த நிறத்தில் ஒரு பட்டு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். "ஏண்டி, செகப்பு இருக்கையில இதென்ன வானத்தை எறக்கிச் சுத்திக்கிட்டு நிக்கிறே?" என்றார் உன் அத்தை. "படத்துக்கு இதுதான் மதினி எடுப்பா இருக்கும்" என்றேன். "படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, திமிர்தான். பத்து நாளில் படம் வந்தது. படத்தில் என் சேலை வெள்ளை வெளேர் என்று இருந்தது. "வெளிச்சம் கூடிப்போச்சுங்க" என்றார் படம் எடுத்தவர். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "என் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகச் சொன்னா, கன்னியாஸ்திரியைல்ல கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்றார். பதினைந்து வருடம் அது சுவரில் தொங்கியது. வருகிறவர்கள் பார்ப்பார்கள், அவர் அதே வேடிக்கையைச் சொல்வார், நான் முறைப்பேன்.

உனக்கு ஆறு வயதில் அவர் டைபாய்டில் போனார். பதினாறாம் நாள் காரியத்தன்று என் வண்ணச் சேலைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நீலப் பட்டும் அதோடு போயிற்று. நான் தடுக்கவில்லை. வீடு நிறைய ஜனம். உன் அத்தை சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, "கல்யாணக் கோலத்துலயே வெள்ளை உடுத்தி உக்காந்தவதானே இவ. அன்னைக்கே என் தம்பிக்கு எழுதி வச்சுட்டா" என்றார். துக்கத்தில் வந்த சொல். தம்பியைப் பறிகொடுத்தவர், கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தார். ஆனால் அது நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் ஆமாம் என்றார்கள். அடுத்த தலைமுறை வந்தபோது, வெள்ளை உடுத்திப் படம் எடுத்துக்கொண்ட கான்வென்ட் பெண் என்றே என்னைப் பற்றிப் பேச்சு. சேலை போய்விட்டது. அதை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். படம் மட்டும் இருந்தது. இதில் வெட்கப்பட வேண்டியது எது என்றால், வருடங்கள் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீலம் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேனா, உண்மையில் வெளிர் நிறம் எதையாவது எடுத்து உடுத்தினேனா, அன்று உன் அத்தை பேச்சைக் கேட்டுச் சிவப்பை உடுத்தியிருந்தால் உன் அப்பா இருந்திருப்பாரா என்றுகூட நினைத்திருக்கிறேன். கணக்கும் பூகோளமும் படித்த நான் இதை நினைத்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை காலை படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "ஆத்தா, மடியிலயே வச்சுக்கங்க, கண்ணாடி ஒடைஞ்சா அப்பறம் என்னையச் சொல்லாதீங்க" என்றான் கண்டக்டர். புதுக்கோட்டையில் மாறிக் கீரனூர் போய்ச் சேரும்போது உன் அத்தை வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாடி, மகன் வந்துட்டானா, சட்டையெல்லாம் தொவைச்சு முடிச்சுட்டானா?" என்றார். நான் படத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "இதை ஏன் எடுத்துட்டு வந்தே? நான் அழுது ஓஞ்சு போய்க் கெடக்கேன்" என்றார்.

"அழ வேணாம் மதினி. ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. என் கழுத்துல கெடக்குற கயிறு என்ன நெறம்?"

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "கறுப்பால்ல இருக்கு."

"அப்ப உங்க தம்பி எனக்குக் கறுப்புக் கயிறா கட்டுனாரு?"

"வாயைக் கழுவுடி! மஞ்சக் கயிறு. மொத முடிச்சு அவன் போட்டான், மத்த ரெண்டும் நான் போட்டேன். அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் என் வெரல்ல மஞ்சள் போகல. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத்தான் தெரியும். படத்துல ஏன் கறுப்பா இருக்கு?"

அவர் படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்தார். நான் உன் கடிதத்தை எடுத்து அந்தப் பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். மஞ்சளும் சிவப்பும் கறுப்பாக விழும் என்ற இடத்தில் அவர் குனிந்து படத்தில் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். அதுவும் கரிப் பொட்டாக இருந்தது. நீலம் வெள்ளையாக விழும் என்று படித்ததும் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். தாலி முடிச்சுப் போட்ட நாத்தனார் கயிற்றின் நிறத்தில் பொய் சொல்ல முடியாது. கயிற்றின் விஷயத்தில் படம் பொய் சொல்கிறது என்று ஒத்துக்கொண்டால் சேலையின் விஷயத்திலும் ஒத்துக்கொண்டாக வேண்டும். அவ்வளவுதான் என் வாதம். அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. சேர்க்க நாக்கு துடித்தது என்பதையும் மறைக்கவில்லை.

படத்தை மறுபடி நிமிர்த்தி, "நீலந்தாண்டி" என்றார். "வானத்தை எறக்கிச் சுத்திக்கிட்டு நிக்கிறியேன்னு நாந்தானே சொன்னேன். எப்படி மறந்தேன்?" என் கையைப் பிடித்துக்கொண்டார். மிளகாய் அளைந்த கை, எனக்கும் எரிந்தது. "இத்தனை வருசமும் நீ ஒரு நாளும் இல்லைன்னு சொல்லலையேடி" என்றார். சொல்லியிருக்க வேண்டும். கெஞ்சி நிரூபிப்பது என் மரியாதைக்குக் குறைவு என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டியதால்தான் பொய் நிஜமாயிற்று. இதில் அவர் தப்புப் பாதி, என் தப்புப் பாதி. புறப்படும்போது, "அவனுக்கு எழுது. நான் சொன்னேன்னே எழுது. அந்த வேலையையே பாக்கச் சொல்லு. சட்டையை மோந்து பாத்தாலும் பரவாயில்லை" என்றார். எழுதிவிட்டேன். உன் அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. இந்த வயதில் தான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வது யாராலும் எளிதில் ஆகிற காரியமில்லை. நீ அவரிடம் கோபப்படாதே. நான் படவில்லை.

உன்னால் எனக்குக் கிடைத்தது என்ன என்று எழுதிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. உன் அப்பாவின் சாவுக்கு நான் காரணமில்லை என்பது எனக்கு எப்போதும் தெரியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும் என்பதும் நிம்மதியாக இருப்பதும் வேறு வேறு என்று இந்த வாரம்தான் புரிந்தது. படத்தை மறுபடி மாட்டியிருக்கிறேன். காலையில் காபியோடு அதன் எதிரே உட்கார்ந்தால் அவர் சிரிப்பது தெரிகிறது. சேலையைப் பார்த்து இத்தனை வருடம் அவர் முகத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அதைத் திருப்பித் தந்தவன் நீ. யார் கேலி செய்தாலும் உன் வேலை என்ன என்று இனி நான் சொல்வேன்: மிஞ்சிய துணியை வைத்து மறைந்த மனிதர்களைப் பற்றிய தப்பைத் திருத்துகிறான். அந்த ஒன்பது ஆட்டக்காரர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் இருந்திருப்பார்கள். யாராவது ஒருத்தி அந்த நீலத்தைத் துவைத்திருப்பாள்.

உனக்குப் புத்திமதி சொல்ல இனி எனக்கு அதிகம் இல்லை. ஒன்று மட்டும். உன் மேல் யாராவது தப்பாக ஒன்றைச் சொன்னால் அன்றைக்கே பதில் சொல்லிவிடு, என்னைப் போலப் பெட்டியில் வைத்துப் பூட்டாதே. நான் சொன்னாலும் சரி. நான் எழுதிய அந்த நான்கு பக்கத்துக்கு நீ மறுத்து எழுதியிருக்க வேண்டும். சரி என்று பணிந்து எழுதியது எனக்கு வருத்தம். நல்ல பிள்ளையாக இரு, ஆனால் என்னிடம் அத்தனை நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம்.

இனி நான் கேட்க வேண்டியது. அமெரிக்காவில் போன நூற்றாண்டில் ஆடியவர்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு, நம் நூற்றாண்டின் சிறிய ஊர் ஸ்டூடியோக்களைப் பற்றிய அந்த வரி எதற்கு? பதினாறாம் நாள் அந்தக் கூட்டத்தில் நீ எங்கே இருந்தாய் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நினைவில்லை. அத்தை சொன்னது உன் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் நீ அதை நம்பினாயா, எத்தனை வயது வரை நம்பினாய்? தெரிந்தே எனக்காக அந்த வரியை எழுதினாயா, அல்லது தற்செயலாக வந்ததா? எந்தப் பதிலானாலும் எனக்குச் சம்மதம். நம்பியிருந்தாலும் உன்மேல் குறையில்லை, நானே பாதி நம்பியவள்தான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

வேலையை விடவில்லை என்பதையும், இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலையும், உன் கையால் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா